கிணற்றடிக் குழாயும் அப்பப்பாவின் கேற்றும்: மலிவு கிரைண்டர் வாங்கலாமா?

வேம்படி நிழல் (கொக்குவில்):

எல்லோருக்கும் வணக்கம். மாவரைக்கிற கிரைண்டர் இல்லை, இரும்பு வெட்டுகிற கிரைண்டரைப் பற்றித்தான் கேட்கிறேன்.

வீட்டில் இரண்டு வேலை கிடக்கிறது. ஒன்று கிணற்றடிக் குழாய். புது மோட்டர் பூட்டியபோது பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். பழைய ஒன்றேகால் அங்குல ஜீ.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மட்டும் தொட்டிச் சுவரிலிருந்து இரண்டடி நீட்டிக்கொண்டு நிற்கிறது. போன கிழமை மகன் நெற்றியில் இடித்துக்கொண்டான். மற்றது அப்பப்பா காலத்து இரும்பு கேற். மேலே பூவேலைப்பாடு, கீழே முழுக்கக் கறள். தொட்டால் உரிகிறது.

பட்டறையில் சொல்லிவைத்தேன். இன்று வருகிறோம், நாளை வருகிறோம் என்று மூன்று கிழமை போய்விட்டது. இவர் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். ஆகவே நானே செய்யலாம் என்று யோசிக்கிறேன். தையல் மெஷினும் ஸ்கூட்டரும் தவிர வேறு மெஷின் பிடித்துப் பழக்கமில்லை.

கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் 5 அங்குல டிஸ்க் (வெட்டுகிற வட்டத் தட்டு) பூட்டுகிற மெஷின் எடுங்கள், பலம் கூட என்கிறார். தம்பி 4 அங்குலம் காணும் என்கிறான். டிஸ்கைச் சுற்றியிருக்கிற தகரத்தைக் கழற்றிவிட்டால்தான் வசதியாக வெட்டலாம் என்றும் சொல்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

தட்டிவான்:

தம்பி முதலில் சொன்னது சரி, இரண்டாவதாகச் சொன்னது பிழை. 4 அங்குலம் எடுங்கள். பாரம் குறைவு, டிஸ்க் எந்தச் சந்திக் கடையிலும் கிடைக்கும். நான் சீனா மெஷின் ஒன்றை ஐந்து வருடமாகப் பாவிக்கிறேன். இரண்டு தடவை மோட்டருக்குள் தேய்கிற காபன் பிரஷ் மாற்றியதைத் தவிர ஒரு செலவும் இல்லை. தகரத்தைப் பற்றி எங்கள் பட்டறை அண்ணை வந்து சொல்லட்டும், அவர் அதைக் கேட்டாலே கோபப்படுவார்.

பழைய பட்டறை (மருதனார்மடம்):

கோபம்தான், ஆனால் முதலில் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன் பிள்ளை.

மெஷின் மலிவாக எடுங்கள், பரவாயில்லை. வீட்டில் வருடத்துக்கு நாலு தடவை பாவிக்கிற ஒருவருக்கு மகீற்றா, பொஷ் போன்ற பெரிய கொம்பனி மெஷின் தேவையில்லை. 700 வாற் அளவில் 4 அங்குலம் போதும். கடையில் மூன்று விஷயம் பாருங்கள். பெட்டிக்குள் தகரக் காப்பு இருக்கிறதா, அது ஆடாமல் இறுகுகிறதா. பக்கக் கைபிடி இருக்கிறதா. சுவிச்சைத் தட்டினால் உடனே விடுபடுகிறதா. பிறகு பிளக்கில் குத்திச் சும்மா ஓடவிட்டுக் கையில் பிடித்துப் பாருங்கள். கை கூசுகிற அளவுக்கு அதிர்ந்தால் அடுத்த பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் டிஸ்க். 4 அங்குல மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் சுற்றும். டிஸ்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் போகிறது என்று வையுங்கள், யாழ்தேவி ரயிலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். டிஸ்கிலே அது தாங்கக்கூடிய சுற்று எழுதியிருக்கும். 4 அங்குலத்தில் 15,000 சொச்சம் இருக்கும், 7 அங்குல டிஸ்கில் 8,500 தான். பக்கத்துப் பட்டறைப் பெடியன் ஒருவன் 5 அங்குல மெஷினில் காப்பைக் கழற்றிவிட்டு 7 அங்குல டிஸ்க் போட்டான். இரண்டு டிஸ்குக்கும் நடு ஓட்டை ஒரே அளவுதானே, பூட்டுப்படும். நான் வீதியில் நின்று கேட்டேன், வெடி மாதிரி ஒரு சத்தம். ஒரு துண்டு சீற் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. அவனுடைய முகத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. காப்பு கழற்றிய மெஷினை நான் அன்றிலிருந்து பட்டறைக்குள் விடுவதில்லை. தம்பியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது நடு ஓட்டையைச் சுற்றியிருக்கிற உலோக வளையத்தையும் பாருங்கள். மாதமும் வருடமும் அடித்திருக்கும், அதுதான் அதன் ஆயுள் முடிகிற நாள். அப்படி ஒன்றும் அடிக்காத டிஸ்கை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். மாரியில் கிணற்றடிக் கொட்டிலில் ஈரம் குடித்த டிஸ்கும் வேண்டாம்.

குழாய் வெட்டுவதற்கு 1 அல்லது 1.2 மில்லிமீற்றர் மெல்லிய டிஸ்க். தடித்தது தேய்க்க மட்டும். மெல்லியதால் பக்கவாட்டில் தேய்க்கவே கூடாது, உடையும். மாற்றும்போது பிளக்கைக் கழற்றுங்கள், சுவிச்சை நிற்பாட்டினால் மட்டும் காணாது. புது டிஸ்க் போட்டதும் ஆளில்லாத பக்கம் திருப்பிப் பிடித்து ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

உங்கள் குழாய் ஒரு முனை சுவரில், மறு முனை அந்தரத்தில். மேலிருந்து வெட்ட வேண்டும். அப்போது தொங்குகிற பாரத்தால் வெட்டு வாய் திறக்கும். கீழிருந்து வெட்டினால் வாய் மூடி டிஸ்கைக் கவ்வும், கவ்வினால் மெஷின் உதைத்துக்கொண்டு உங்கள் பக்கம் வரும். 4 அங்குலத்தால் ஒரே வெட்டில் குழாய் முடியாது, இரண்டு பக்கமும் மாறிமாறிச் சுற்றி வாருங்கள். அமர்த்த வேண்டாம், மெஷினின் பாரமே வெட்டும். நுனியைக் கயிற்றால் கட்டி மேலே எதிலாவது தொங்கவிடுங்கள், கடைசியில் காலில் விழாது. டிஸ்குக்கு நேர்க்கோட்டில் நிற்காமல் கொஞ்சம் விலகி நில்லுங்கள். இன்னொன்று, எங்கள் ஊரில் மோட்டர் வயரை அந்தப் பழைய குழாயோடு சேர்த்துக் கட்டுகிற பழக்கம் இருக்கிறது. முதலில் அதைத் தேடுங்கள்.

ஜீ.ஐ. குழாயை வெட்டும்போது வெள்ளைப் புகை வரும். அது துத்தநாகம், மூச்சில் எடுக்கக் கூடாது. வெளியில், காற்று முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்கள்.

கண்ணைப் பற்றி என் கதை ஒன்று. நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன், அதுவே காணும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பக்கத்தால் ஒரு பொடி போய்விட்டது. இரவு முழுக்கக் கண்ணைக் கசக்கிவிட்டு விடியத்தான் வைத்தியரிடம் போனேன். இரும்பு அதற்குள் கருவிழியிலேயே கறள் வளையம் போட்டுவிட்டது. ஊசி நுனியால் சுரண்டி எடுத்தார். இப்போது பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, அதற்கு மேல் முகம் முழுக்க மறைக்கிற, ஊடே பார்க்கக்கூடிய முகமூடி. 15,000 இல் முதலில் இதற்கு ஒதுக்குங்கள். சீலையோ தாவணியோ வேண்டாம், பருத்திச் சட்டையும் நீளக் காற்சட்டையும் மூடிய சப்பாத்தும். தலைமுடியைக் கட்டுங்கள். (ஆண்களுக்கும் சொல்கிறேன், சாரத்தோடு கிரைண்டர் பிடிக்கிற வீரம் வேண்டாம்.)

இனி கேற். அதற்குக் கிரைண்டரே வேண்டாம் என்பேன். பூவேலைப்பாட்டில் தடித்த டிஸ்க் பட்டால் கறளோடு அப்பப்பாவின் பூவும் போகும். கிரைண்டரில் கம்பிக் கிண்ணம் (கிண்ண வடிவக் கம்பிப் பிரஷ்) போட்டால் அதன் கம்பி தெறித்துச் சட்டையில் குத்தி நிற்கும், நான் என் வயிற்றிலிருந்து பிடுங்கியிருக்கிறேன். பழைய பெயின்றில் ஈயமும் இருக்கக்கூடும், அந்தத் தூசு பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்தில் விழும். கைக் கம்பிப் பிரஷ், எமரித் தாள், தண்ணீர் தெளித்துத் தெளித்து இரண்டு சனிக்கிழமை. கீழ்ச் சட்டம் நேராக இருந்தால் அங்கே மட்டும் தாள் அடுக்கிய பிளப் டிஸ்க் போடலாம்.

கரண்ட் பொடியன்:

பட்டறை அண்ணை மின்சாரத்தை விட்டுவிட்டார். வீட்டு மெயினில் 30 மில்லி அம்பியர் றிப் சுவிச் (கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிச்) இருக்கிறதா பாருங்கள், அதைச் சோதிக்கிற ரெஸ்ற் பொத்தானை அமத்திப் பாருங்கள். தொட்டியடியில் ஈரத் தரையில் வேலை என்றால் அது இல்லாமல் தொடவே வேண்டாம். நீட்டுவயர் உருளையை முழுக்க அவிழ்த்துவிடுங்கள், சுற்றியபடி இருந்தால் சூடேறும்.

2022 இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் எனக்கு நடந்தது. வேலை நடுவில் கரண்ட் போனது, சுவிச்சை நிற்பாட்டாமல் மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். கரண்ட் வந்ததும் மெஷின் தானாக மேசையில் நடந்து கீழே குதித்தது. பூனை மட்டும்தான் பக்கத்தில் இருந்தது, அது பிறகு என் பட்டறைப் பக்கம் வரவில்லை.

வேம்படி நிழல்:

மிக்க நன்றி. அண்ணை, ஒரு சந்தேகம். தொட்டியிலிருந்து ஏழடி தள்ளிப் பக்கத்து வீட்டுக் கிடுகு வேலி. பொறி போகுமா?

பழைய பட்டறை (மருதனார்மடம்):

போகும் பிள்ளை, நல்ல காலம் கேட்டீர்கள். பொறி எந்தப் பக்கம் பறக்கிறது என்று முதலில் ஒரு சின்ன வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டு, வேலி முதுகுப் பக்கம் வருகிற மாதிரி நிலையை மாற்றுங்கள். முடியாவிட்டால் இடையில் ஒரு தகரம் சாத்துங்கள், வேலியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். வெட்டி முடித்து அரை மணித்தியாலம் அங்கேயே இருங்கள். கிடுகு உடனே எரியாது, உள்ளே புகைந்துகொண்டு கிடக்கும்.

வேம்படி நிழல்:

இரண்டு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். 4 அங்குல மெஷின், முகமூடி, கண்ணாடி, ஐந்து டிஸ்க், எல்லாம் சேர்த்து 14,200. மோட்டர் வயர் உண்மையிலேயே குழாயின் பின்னால்தான் கட்டியிருந்தது, அதை எலெக்ற்றீசியனைக் கூப்பிட்டு மாற்றினேன். வெட்டு இருபது நிமிடம், அதில் பதினைந்து நிமிடம் பயம். பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்குத் தண்ணீர் ஊற்றியபடியே நின்றா. கேற் இன்னும் பாதி. கறளுக்குக் கீழே பச்சைப் பெயின்ற் இருந்தது, அப்பா சின்ன வயதில் அது பச்சை என்று சொல்லுவார்.