நாசா தேர்வு: பயணிகள் ஜெட் ஓட்டிய மணிநேரம் கணக்கில் வருமா?

நாசாவின் 2024 விண்வெளி வீரர் தேர்வு அறிவிப்பில் விமானிகளுக்கான நிபந்தனை: விமானத்தின் முழுப் பொறுப்பேற்ற விமானியாக 1,000 மணிநேரம், அதில் 850 உயர்திறன் ஜெட்டில். அந்த 850-இல்தான் சிக்கல்.

அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போவது அக்கா மகள். டல்லாஸ், அமெரிக்கக் குடியுரிமை, விண்வெளிப் பொறியியலில் முதுநிலை. எம்ப்ரேயர் 175 என்ற பயணிகள் ஜெட்டில் கேப்டனாக 950 மணிநேரம். கிங் ஏர் என்ற சிறு விமானத்தில் 400, அது டர்போபிராப் (டர்பைன் இன்ஜினால் உந்துவிசிறி சுழலும் வகை), ஜெட் கணக்கில் சேராது. துணை விமானியாகப் பறந்ததைச் சேர்க்கவில்லை. முதுநிலை முடித்தபின் ஆராய்ச்சிப் பணி இரண்டே வருடம். விமானி மணிநேரத்துக்குப் பதில் பணி அனுபவத்தைக் காட்டும் வழிக்கு மூன்று வருடம் வேண்டும்.

அறிவிப்பை வரிவரியாகப் படித்தாயிற்று. 'உயர்திறன் விமானம்' எது என்று சொல்லும் எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) விதி 61.31-உம் உதவவில்லை: 200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இன்ஜின் என்கிறது, ஜெட்டையோ உந்துவிசையில் அளக்கிறோம். தெரிந்த விமானிகளிடமும் ஒருமித்த பதில் இல்லை.

விண்ணப்பித்தவர்கள் சொல்லுங்கள்: எம்ப்ரேயர் 175 போன்ற பயணிகள் விமானத்தில் கேப்டனாகப் பறந்த நேரத்தை அந்த 850-இல் ஏற்றுக்கொண்டார்களா?