புதுப்பிப்பு: சித்தப்பா பரிசோதனைக்குச் சென்று வந்தார்

திருவையாற்றில் இருக்கும் என் சித்தப்பா, 67 வயதில், இரவில் ஐந்தாறு முறை சிறுநீர் கழிக்க எழுந்தும், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியை விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு உடன்படவில்லை என்றும், டீக்கடைப் பெஞ்சில் எழும் கேலிதான் அவரைத் தடுக்கிறது என்றும் போன மாதம் எழுதியிருந்தேன். பதினைந்து நாட்களுக்கு முன் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றேன். அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

மருத்துவரின் அறை வாசலில், மேல்துண்டின் முனையை முறுக்கியபடி, "வெளியில யார்கிட்டயும் சொல்லிடாத தம்பி" என்றார். இடப்பக்கமாகப் படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளச் சொன்ன மருத்துவர், கையுறையில் களிம்பு தடவி, ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். அந்தச் சுரப்பி மலக்குடலின் முன்சுவரை ஒட்டியே இருப்பதால், அது பெருத்திருக்கிறதா, கெட்டியான கட்டி தட்டுப்படுகிறதா என்பதை விரல்நுனியால் உணர முடிகிறது. இந்தச் சுரப்பி உண்டாக்கும் புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு தொற்றினாலும் சாதாரண வீக்கத்தினாலும்கூட உயரக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. சித்தப்பாவுக்கு இருப்பது வயதினால் வரும், புற்றுநோய் அல்லாத வீக்கம். மாத்திரை தொடங்கியபின் இரவில் இரண்டு முறைதான் எழுகிறார்.

அச்சத்தை மறைக்கத்தான் நம் ஆண்கள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முந்தாநாள் சித்தப்பாவே பெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னபோது, வழக்கமாக உரக்கச் சிரிப்பவர் மட்டும் பேசாமல் இருந்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து, நான்கு மாதங்களாகத் தம் சிறுநீரில் ரத்தம் கலந்து வருவதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்றார். திங்கட்கிழமை முதல் பேருந்திலேயே அவரை அழைத்துச் செல்கிறோம்.