டெம்ப் டைரக்டரி உருவாக்கிய உடனே காணாமல் போகிறது, அவசரம்

பனங்கிழங்கு:
டெம்ப் டைரக்டரி (தற்காலிக ஃபோல்டர்) உருவாக்குகிறேன். பாத்தை (அது இருக்கும் முகவரியை) பிரிண்ட் செய்தால் சரியாக வருகிறது. அதற்குள் ஃபைல் எழுதப் போனால் அப்படி ஒரு டைரக்டரியே இல்லை என்று எரர். நாளைக் காலை கொடுக்க வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

ரயில்சிநேகம்:
எந்த மொழி, எந்த ஓஎஸ்? அந்த வரியையாவது போடுங்கள்.

நீலச்சட்டை:
லினக்ஸில் பின்னணி வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டியின் வேலைதான் இது. தற்காலிக ஃபைல்களுக்கான /டெம்ப்பில் இருப்பதை அதுவே துடைத்துவிடும். எங்கள் சர்வரில் இதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது.

ரயில்சிநேகம்:
அது வழக்கமாக 10 நாள் தொடாமல் கிடப்பதைத்தான் எடுக்கும். இவருக்கு அடுத்த வரியிலேயே போகிறதே.

பனங்கிழங்கு:
மன்னிக்கவும். பைத்தான் 3.10, உபுண்டு.
பாத் = டெம்ப்ஃபைல்.டெம்பரரிடைரக்டரி().நேம்

பழையகணக்கு:
இதைத்தான் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. டெம்பரரிடைரக்டரி தருவது பாத் அல்ல தம்பி, ஒரு ஆப்ஜெக்ட். நீங்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆப்ஜெக்டை விட்டுவிட்டீர்கள். அதை எந்த வேரியபிளும் பிடித்திருக்கவில்லை என்பதால் பைத்தான் அங்கேயே அழிக்கிறது, கூடவே டைரக்டரியும் போகிறது. வித் பிளாக்கில் (முடியும்வரை டைரக்டரியை வைத்திருந்து, முடிந்ததும் அழிக்கும் பகுதி) வைத்து, எழுதுவதையெல்லாம் அதற்குள்ளேயே முடியுங்கள்.

நீலச்சட்டை:
இதற்கு இவ்வளவு எதற்கு? /டெம்ப்பில் புரோகிராம் பெயரோடு, அது ஓடும்போது ஓஎஸ் தரும் பிராசஸ் எண்ணைச் சேர்த்து நாமே ஒன்று உருவாக்கலாம். ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்தலாம். நான் பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

ரயில்சிநேகம்:
தயவுசெய்து வேண்டாம். /டெம்ப்பில் யாரும் எழுதலாம், பிராசஸ் எண்ணை ஊகிக்கவும் முடியும். அதே பெயரில் இன்னொருவர் முன்கூட்டியே சிம்லிங்க் (வேறு இடத்துக்குத் திருப்பிவிடும் இணைப்பு) வைத்திருந்தால்?

நீலச்சட்டை:
அதை இப்போது ஓஎஸ்ஸின் மையமான கர்னலே தடுக்கிறது.

ரயில்சிநேகம்:
சிம்லிங்க் வேண்டாம், நிஜ டைரக்டரியையே வைக்கிறார் என்று வையுங்கள். ஓனர் அவர். நீங்கள் உள்ளே எழுதும் ஃபைலை அழித்துவிட்டு அதே பெயரில் வேறு ஒன்றை வைப்பார், நீங்கள் அதைப் படிப்பீர்கள். பைத்தானின் எம்கேடிடெம்ப் ஊகிக்க முடியாத பெயரை எடுத்து, டைரக்டரியை 0700 உரிமையோடு (ஓனருக்கு மட்டும் அனுமதி) அதுவே உருவாக்கித் தருகிறது. அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் வேறு பெயரைப் பார்க்கும், இருப்பதை எடுத்துக்கொள்ளாது.

பழையகணக்கு:
பெயரை மட்டும் தரும் எம்கேடெம்ப்பை இதனால்தான் பைத்தான் 2.3 பதிப்பிலேயே வேண்டாம் என்றார்கள். ஆனால் எம்கேடிடெம்ப் எடுத்தால் அழிப்பது உங்கள் பொறுப்பு.

பனங்கிழங்கு:
வித் போட்டதும் ஓடிவிட்டது. ரொம்ப நன்றி.

நீலச்சட்டை:
பிராசஸை கில் 9 கொடுத்து வலுக்கட்டாயமாக உடனே நிறுத்தினால் வித் கூட அழிக்காதே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?