தரைவண்டுகள் சில ஏன் ஒரே மலையில் மட்டும் வாழ்கின்றன?

கேள்வி: கல்லைப் புரட்டினால் ஓடி ஒளியும் தரைவண்டுகளில் சில இனங்கள் ஒரே மலைத்தொடரைத் தாண்டி எங்கும் காணப்படுவதில்லை என்று படித்தேன். வண்டுகளுக்குத்தான் இறக்கை உண்டே, பிறகு ஏன் அவை பரவவில்லை?

மறுமொழி 1: எல்லாவற்றாலும் பறக்க முடியாது. ஏறத்தாழ 40,000 இனங்களைக் கொண்ட தரைவண்டுக் குடும்பமான கராபிடேயில், மலையுச்சி, பழங்காடு, தீவு போன்ற நிலையான வாழிடங்களில் நெடுங்காலம் தங்கிவிட்ட பல இனங்களுக்குப் பறக்க உதவும் பின்னிறக்கைகள் சிறுத்துவிட்டன. சிலவற்றில் கடினமான முன்னிறக்கைகளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுள்ளன. அவற்றுக்கு ஒரு பள்ளத்தாக்கே கடல்தான். வெள்ளம் அடிக்கடி புகும் ஆற்றங்கரைகளில் வாழ்பவையோ பெரும்பாலும் நன்றாகப் பறக்கும்.

மறுமொழி 2: குகைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே வாழும் சில இனங்களுக்குக் கண்களே மறைந்து, உணர்கொம்புகளும் கால்களும் நீண்டிருக்கின்றன.

கேட்டவர்: ஒரே இனத்தில் பறப்பவை, பறக்காதவை என இருவகையும் இருக்குமா?

மறுமொழி 1: இருக்கும். குட்டை இறக்கையும் நீள இறக்கையும் கொண்டவை ஒரே இனத்தில் கலந்து வாழ்வதுண்டு.