வாய்க்கால் மேட்டு நண்டு வளை: நீங்கள் பார்த்ததையும் சொல்லுங்கள்

கோபி (கோபிசெட்டிபாளையம்) பக்கத்திலிருந்து:

எங்களுக்குத் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். கொடிவேரி அணையிலிருந்து தண்ணீர் வந்து நடவு முடிந்ததும் வரப்பில் நண்டு வளை தேடுவதுதான் முதல் வேலை. ஒன்று விட்டுப்போனாலும் விடிவதற்குள் மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்கு இறங்கிவிடும். அப்பாரு களிமண்ணை உருட்டி உள்ளே திணித்து மிதிப்பார். ஆனால் வாய்க்கால் மேட்டு வளைகளைத் தொட விடமாட்டார். "அதுபாட்டுக்கு இருக்கட்டும் சாமி, உள்ள இருக்கறதெல்லாம் எங்க போகும்?" என்பார். சளிக்கு ரசம் வைக்க நண்டு பிடித்ததோடு சரி, உள்ளே என்ன இருக்கிறதென்று நான் பார்த்ததில்லை.

தண்ணீர் நிறுத்திய ஒரு சித்திரையில் வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேட்டு வளை ஒன்றை ஓரமாகச் சீவினேன். முழங்கை ஆழத்தில் மண் சில்லென்று இருந்தது. ஒரு தவளை, அதற்குக் கீழே இன்னொன்று, சுவரில் ஒட்டிய நத்தைகள். அடியில் கலங்கிய தண்ணீரில் நண்டு. செவுள் காய்ந்தால் அது செத்துவிடும். அதனால் ஈரம் இறங்க இறங்க அதுவும் தோண்டிக்கொண்டே போகிறது. அந்த ஈரத்தில்தான் மற்றவையும் கோடையைக் கழிக்கின்றன. மண்ணை மூடிவிட்டு வந்தேன்.

கொடுமுடியிலிருந்து:

நான் இதைக் கடலில் பார்த்தேனுங்க. குமரி மாவட்டத்து முட்டத்தில், நீர் வற்றிய நேரம், மீனவர் ஒருவர் பாறையோரக் கல்லைப் புரட்டிக் காட்டினார். கீழே நண்டு பறித்த குழி. அதைச் சுற்றி மணல் வெளுப்பாக இருந்தது; ஒரு சாண் தள்ளிக் கறுத்து, அழுகின முட்டை நாற்றம். நண்டு பறிக்கும் வழியில் அலைத்தண்ணீரோடு ஆக்சிஜனும் மணலுக்குள் போகிறது. போகாத இடம்தான் கறுக்கிறது. வெளுத்த பக்கத்தில் புழுக்கள், பொடி நத்தைகள். நண்டு பறித்ததால் மணல் அடையாமல் இருந்த கல்லின் அடிப்பக்கம் முழுக்க என்னென்னவோ ஒட்டியிருந்தன. வெயில் பட்டால் அவை செத்துவிடும் என்று கல்லை இருந்தபடியே வைத்துவிட்டார்.

கோபி:

ஒரு வித்தியாசம் இருக்கிறதுங்க. கடல் நண்டின் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்து போய் வேறு கரையிலும் சேரும். வயல் நண்டு முட்டையிலிருந்தே பொடி நண்டாக வந்து தாயின் வயிற்று மடலுக்குள் இருக்கும், அக்கம்பக்கத்திலேயேதான் இறங்கும். ஒரு மேட்டில் அழித்துவிட்டால் தூரத்திலிருந்து மிதந்து வந்து சேராது. எங்கள் கிளை வாய்க்காலுக்கு இப்போது கான்கிரீட் பூசிவிட்டார்கள். தண்ணீர் கசியாது, அது விவசாயிக்கு நல்லதுதான். ஆனால் பூசிய இடத்தில் ஒரு வளைகூட இல்லை. எங்கள் தோட்டத்தை ஒட்டி மண் கரை ஐம்பது அடி மிச்சம் இருக்கிறது. மழை விட்ட ராத்திரியில் தவளைச் சத்தம் அங்கிருந்து மட்டும் வருகிறது.