புதுப்பிப்பு: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (அமெரிக்கன் ஃபுட்பால்) நம் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி 14 வெற்றி, 2 தோல்வியோடு சாம்பியன்!

2024 நவம்பர் 30 அன்று சொந்த மைதானத்திலேயே மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றதும், "இந்த சீசன் அவ்வளவுதான்" என்று இதே இழையில் எழுதியிருந்தேன். அதைச் சந்தோஷமாகத் திரும்பப் பெறுகிறேன். சாம்பியனை முடிவுசெய்யும் நாக்-அவுட் போட்டியான பிளேஆஃபில் டென்னசியை 42-17, அக்டோபரில் ஒரே புள்ளியில் நம்மை வீழ்த்திய ஓரிகனை 41-21, டெக்சாஸை 28-14, அப்புறம் 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்டர் டேமை 34-23 என்று வரிசையாக வென்றாகிவிட்டது.

டெக்சாஸ் ஆட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நமக்கு ஏழே புள்ளி முன்னிலை, நம் கோல் கோட்டுக்கு எட்டு கெஜத்தில் டெக்சாஸ், நான்காவது டவுன் (அவர்களுக்குக் கடைசி முயற்சி), மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், நம் தடுப்பாட்டக்காரர் ஜாக் சாயர் தன் பழைய அறைத் தோழரும் டெக்சாஸின் குவார்ட்டர்பேக்குமான (பந்தை எறிபவர்) குவின் யூவர்ஸ் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டு, தானே எடுத்து 83 கெஜம் ஓடிவிட்டார்!

12 அணிகள் ஆடிய முதல் பிளேஆஃப் இது. பழைய நான்கு அணி முறை என்றால் ஆறாம் இடத்திலிருந்த நாம் உள்ளேயே போயிருக்க முடியாது.