ஆளுக்கொரு அறையில் இருந்துகொண்டு அப்பாவுடன் பார்க்க என்ன படம்?

பின்வரிசை:
இந்த மாதம் முழுக்க வீட்டில்தான் படம். முதலில் அப்பாவும் நானும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். அப்புறம் அவருக்குத் தொற்று உறுதியாகி மாடி அறைக்குப் போய்விட்டார். காய்ச்சல் இறங்கிவிட்டது, பேச்சும் தெளிவாக இருக்கிறது. ஆனால் தனிமை அவரை ரொம்ப வாட்டுகிறது. அதனால் தினமும் ராத்திரி போனில் கூப்பிட்டு, "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி, அவர் டேப்லெட்டிலும் நான் டிவியிலும் ஒரே நேரத்தில் படத்தை ஓடவிடுகிறோம்.

இப்படிப் பார்த்த முதல் படம் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954). கால் உடைந்து நாற்காலியில் கிடக்கும் ஒருவன் ஜன்னல் வழியே எதிர்வீடுகளையே பார்த்துக்கொண்டிருப்பான். "இவனுக்காவது எதிரே இத்தனை ஜன்னல் இருக்கிறது" என்றார் அப்பா. அவன் காதலியாக வரும் கிரேஸ் கெல்லி எதிர்வீட்டுக்குள் போய் மாட்டிக்கொள்ளும் இடத்தில் அவன் எழுந்து ஓட முடியாமல் தவிப்பானே, அங்கே இரண்டு பேருமே பேசவில்லை. அப்பா ராத்திரியில் இருமும்போது மாடிப்படியில் பாதிவரைதான் என்னால் ஏற முடிகிறது.

அடுத்தது அவரே கேட்டு வாங்கிய 'அந்த நாள்'. அதுவும் 1954தான். எஸ். பாலசந்தர் ஒரு பாட்டுகூட இல்லாமல் எடுத்த படம். யார் கொன்றது என்று அப்பாவுக்கு முன்பே தெரியும், ஆனாலும் கடைசிவரை வாயே திறக்கவில்லை. தொடர்கள் எங்களுக்குச் சரிப்படவில்லை. அடுத்த பகுதி தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது, ஒருவர் முந்திப் போய்விடுகிறோம். கொள்ளைநோய் பரவுவதைப் பற்றிய 'கன்டேஜியன்' மட்டும் நான் தனியாகப் போட்டுப் பார்த்தேன். திரை இருட்டாக இருக்கும்போதே ஒரு இருமல் கேட்கும். அதோடு நிறுத்திவிட்டேன்.

இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற, பேச்சில் நகர்கிற படம் வேண்டும். மருத்துவமனைக் காட்சி வேண்டாம். இன்னொரு தொல்லை: அவர் படம் சில வினாடி முந்தி ஓடுகிறது. அவர் "ஐயோ" என்ற பிறகுதான் எனக்குக் கத்தி தெரிகிறது!

மூன்றாம்மணி:
'12 ஆங்ரி மென்' (1957), யோசிக்கவே வேண்டாம். 96 நிமிடம். கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு பேர் ஒரே அறையில் வாதாடுகிறார்கள். இயக்குநர் சிட்னி லூமெட் தொடக்கத்தில் கேமராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்து, போகப்போகக் கீழே இறக்குவார். லென்ஸையும் மாற்றிக்கொண்டே போவார். சுவர்கள் நெருங்கி வருவதுபோல நமக்கே புழுங்கும். பெயர்கள் ஓடும்போது இருவரும் ஒரே எழுத்தில் நிறுத்திவிட்டு மறுபடி ஒன்றாக அழுத்துங்கள், அந்த முந்தல் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆளுக்கொரு இயர்போன் மாட்டிக்கொண்டால் எதிரொலியும் இருக்காது.

மேகம்பார்ப்பவள்:
அருமையான படம்தான். ஆனால் அறைக்குள் அடைபட்டிருக்கும் மனிதருக்கு இன்னொரு அடைபட்ட அறையை ஏன் காட்ட வேண்டும்? டேவிட் லிஞ்சின் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' (1999) பாருங்கள். 1994இல் நிஜமாக நடந்த பயணம். 73 வயது ஆல்வின் ஸ்ட்ரெய்ட்டுக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. பக்கவாதம் வந்த அண்ணனைப் பார்க்க, புல்வெட்டும் வண்டியிலேயே அயோவாவிலிருந்து விஸ்கான்சினுக்கு ஏறத்தாழ 240 மைல் போகிறார். வயல், வானம், சாலை. வண்டி ஊர்ந்து போகும்போது நீங்களும் அப்பாவும் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம். எந்த இடத்திலும் உங்களைப் பதற வைக்காது. என் அம்மா இதைப் பார்த்து முடித்ததும் நாலு வருடமாகப் பேசாத தன் தங்கைக்குப் போன் போட்டார்.

ஈரத்துணி:
எனக்கும் தொற்று வந்து போனது, அதனால் சொல்கிறேன். நகைச்சுவைப் படங்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். வாய்விட்டுச் சிரித்தாலே இருமல் பிடித்துக்கொண்டது, நிற்கவே இல்லை. படத்துக்கு நடுவில் அவருக்கு மூச்சு வாங்கினால் "முடியட்டும்" என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 'கன்டேஜியன்' படத்தை அவர் குணமான பிறகு முழுதாகப் பாருங்கள். இயன் லிப்கின் என்ற நுண்ணுயிரியல் அறிஞரை ஆலோசகராக வைத்து 2011இல் எடுத்தது. தடுப்பூசி வருவது வரை கதை போகும். எனக்குத் தைரியம் கொடுத்தது அந்தப் பகுதிதான்.

பின்வரிசை:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு கதையையும் அப்பாவிடம் சொன்னேன். "முதலில் வண்டி, அப்புறம் வழக்கு" என்று சொல்லிவிட்டார். பெயர் ஓடும்போது நிறுத்தும் யோசனையை இப்போதே முயன்று பார்த்தோம், சரியாக வந்தது. 'அந்த நாள்' போலப் பாட்டே இல்லாத பழைய தமிழ்ப் படங்கள் வேறு தெரிந்தால் இங்கேயே போடுங்கள், அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.